செக் வைக்காத ராணி

பாரூக்கை அடக்கிவிட்டு ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம், அலுமாரிக்கு மேல் கிடந்த அவருடைய போன் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மனைவி ருக்கியா கையை நீட்டி எடுத்தாள். அழகமுத்து அனுப்பியிருந்தார். ஆங்கில எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று. செஸ் பலகையில் குதிரையை எந்தக் கட்டத்தில் வைத்திருக்கிறார் என்பது அதன் பொருள். கீழே, "நானா, மயக்கம் தெளிஞ்சிருச்சி. ஒங்க ஆட்டம்" என்று இருந்தது. பாரூக்கை அவர் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

ருக்கியாவுக்குச் செஸ் தெரியாது. கட்டுகஸ்தோட்டைக்குக் கல்யாணம் முடித்து வந்த முப்பது வருடமாக அந்தப் பலகையைத் தூசி தட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு காயும் இடம் மாறாமல் தூசி தட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அக்குறணையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு ஓதல், அடுப்படி, நான்கு வயதில் அல்லாஹ் எடுத்துக்கொண்ட ஒரு மகன், உயிரோடு இருக்கும் மகள் ஷஹ்மா, குழாய்ச் சாமான் விற்கும் புருஷன். அவளுடைய ஐம்பத்தொரு வருடத்தை இந்த அளவுக்குள் சொல்லி முடித்துவிடலாம். மிச்சமிருந்த ஒரு விஷயம் அந்தப் பின்னேரம்தான் ஆரம்பித்தது.

அழகமுத்து மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை செய்தவர். மஹய்யாவையில் வீடு. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்பு குழாய் வளைவில் பொருத்தும் அரை அங்குல முழங்கை ஒன்று வாங்கப் பாரூக்கின் கடைக்கு வந்தார்; மேசையில் விரித்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு, கறுப்புக்கு வெள்ளை என்ன பதில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். முழங்கையை மறந்து விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். கொரோனா ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது போனில் ஆட்டம் அனுப்பப் பழகினார்கள். அதற்குள் பாரூக்கின் காதும் மந்தமாகிவிட்டது; போனில் பேசினால் விளங்காது. ஆகவே எழுத்தும் இலக்கமும் மட்டும்தான். அழகமுத்து கூடவே ஒரு நக்கலையும் எழுதி அனுப்புவார். பாரூக் பதிலுக்குச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றை அனுப்புவார்.

அன்று காலையில் கடைக் கதவைத் தூக்கிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்த பாரூக் பிறகு எழும்பவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது. அதே காலையில்தான் அழகமுத்துவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுப்பதற்காக ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். சீனி வருத்தம், நீரிழிவு. அவர் கண் திறப்பதற்கு முன்பே நண்பரின் கபுறில் மண் போட்டாயிற்று.

மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அழகமுத்துவின் மனைவி வடிவம்மா போனில் பேசினாள். முதலில் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு வடிவம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். விரலோடு நிற்கவில்லையாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். நெஞ்சு பலமில்லை, சீனியும் இறங்க வேண்டும், மூன்று நான்கு வாரம் பார்த்துத்தான் வெட்டலாம், அதுவரைக்கும் மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஒங்க காலப் புடிச்சி கேக்குறேன் தங்கச்சி. அந்த ஒப்பரேசன் முடியிற வரைக்கும் நானா உசுரோட இருக்கட்டும்."

ருக்கியா வெள்ளைச் சேலை உடுத்து, விதவைக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க அப்போதுதான் அறைக்குள் வந்திருந்தாள். இந்த நாட்களில் வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களைக் காண்பதில்லை, அல்லாஹ்வை நினைத்து இருப்பது. அப்படி இருக்க வேண்டிய நாட்களைப் பொய்யோடு தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் கேட்பது ஒரு உயிரை. நாவால் சொன்னால்தானே பொய், ஒரு குதிரையை நகர்த்துவது எப்படிப் பொய்யாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சரி என்றாள். அந்தச் சமாதானம் தொழுகைப் பாயில் நிற்கவில்லை என்பது அன்றிரவு இஷா தொழுகையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஷஹ்மா கண்டி நகரத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். வாப்பாவின் போனில் செஸ் ஆடும் செயலி ஒன்றை இறக்கித் தந்தாள். அழகமுத்து அனுப்புவதை அதில் போட்டால் அது பதில் ஆட்டம் சொல்லும். அதைப் பலகையிலும் வைத்து, போனிலும் அனுப்ப வேண்டியது. செயலியில் பத்துப் படி இருந்தது. பத்தாம் படியில் விட்டால் உலகத்தில் ஒருவராலும் வெல்ல முடியாதாம். வாப்பா எத்தனையாவது படி என்று தாயும் மகளும் யோசித்தார்கள். பாரூக் மூன்று போட்டிக்கு இரண்டில் தோற்பவர். ஷஹ்மா நான்கில் வைத்தாள்.

"இதுல விட்டா வாப்பா மாதிரியே பிழை விடும் உம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அன்று ருக்கியா மனம் விட்டு அழுதாள்.

நாட்கள் போயின. மூட்டு நோவில் பாரூக்குக்குப் படியேற ஏலாது, ஆகவே வார்டுக்கு வர முடியவில்லை என்று வடிவம்மா சொல்லி வைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பிடித்து எச்சரித்துத்தான் உள்ளே விட்டாள். அழகமுத்து காந்தக் காய்கள் ஒட்டிய சின்னப் பலகை ஒன்றைக் கட்டிலில் வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கைந்து ஆட்டம் அனுப்பினார். மூட்டு நோவு மூளைக்கும் ஏறிவிட்டதா என்று கேட்டார். கால் போனாலும் கை இருக்கிறது, விடமாட்டேன் என்றார். ருக்கியா மஞ்சள் முகத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். அது சிரிக்கிற முகமா அழுகிற முகமா என்று கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை பார்த்துத்தான் அனுப்புவாள்.

பழகப் பழக அந்தச் செயலி எப்படி யோசிக்கிறது என்று அறிய அவளுக்கு ஆசை வந்தது. ஷஹ்மா வேலை விட்டு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது சொல்லிக் கொடுத்தாள். நான் இப்படிப் போனால் அவர் எப்படியெல்லாம் போகலாம், அவர் போகும் ஒவ்வொன்றுக்கும் நான் எப்படியெல்லாம் போகலாம் என்று அது கிளை கிளையாகப் பிரித்துப் பார்க்குமாம். உருப்படாத கிளைகளைத் தறித்துவிட்டு மிச்சத்தில் இன்னும் ஆழமாகப் போகுமாம். ராஜாவைக் கட்டிப் போட வழி இருக்கிறதா என்று பார்க்கும்போது, எதிராளிக்குத் தப்ப ஒரேயொரு சந்து இருந்தாலும் அந்த வழியை ஏற்காதாம். அவர் என்ன செய்தாலும் தப்ப ஏலாது என்று உறுதியானால் மட்டும்தான் இத்தனை ஆட்டத்தில் முடியும் என்று இலக்கம் காட்டுமாம்.

"எதிராளி மடத்தனமா ஆடுவாரு எண்டு அது ஒரு நாளும் நம்பாது, உம்மா. அவர் ஆக நல்லா ஆடினாலும் ஏலுமா எண்டுதான் பார்க்கும்."

"அது நல்ல குணம்தானே" என்றாள் ருக்கியா.

மூன்றாவது வாரம் ஆட்டம் தேய்ந்து தேய்ந்து நான்கு காய்களுக்கு வந்தது. பாரூக்கின் பக்கம் ராஜாவும் ராணியும். அழகமுத்துவின் பக்கம் ராஜாவும் கோட்டையும். அந்த இடம் வந்ததும் ருக்கியாவுக்கே அது அடையாளம் தெரிந்தது. பாரூக்கின் வாழ்க்கையில் மூன்று தடவை இதே நிலைமை வந்திருக்கிறது. மூன்று தடவையும் அவரால் வெல்ல முடியவில்லை. ராணி கையில் இருந்தால் வென்றே ஆக வேண்டும் என்றுதான் புத்தகம் சொல்லுமாம். ஆனால் கோட்டை ராஜாவோடு ஒட்டி நின்றால் பிரித்தெடுப்பது மனிதருக்கு லேசில்லை. பாரூக்குக்கு ஒரே வழிதான் தெரியும்: செக், மறுபடி செக், இன்னொரு செக். ஐம்பது தடவை நகர்த்தியும் ஒரு காயும் வெட்டுப்படாமல் போனால் அது சமன். மூன்றாவது தடவை ருக்கியா தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது அழகமுத்து அவளைப் பார்த்துச் சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

"நானாகிட்ட ராணியக் குடுத்தாலும் குடும்பம் நடத்தத் தெரியாது தங்கச்சி. செக் வெக்காட்டி இவருக்கு நோன்பு முறிஞ்சிரும்."

பாரூக் சிரித்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "ஒரு தடவையாவது அதை வெண்டுட்டுத்தான் மௌத்தாகணும்" என்றார். சாவைப் பற்றி விளையாட்டாகத்தான் சொன்னார்.

இப்போது செயலியின் திரையில் இருபத்தேழு என்று ஒரு இலக்கம் நின்றது. இன்னும் இருபத்தேழு தடவை காய் நகர்த்தினால் வெற்றி. நான்காம் படியில் வைத்த செயலிக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். ஷஹ்மா தோண்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். காய் ஐந்துக்கு மேல் இல்லை என்றால் அது யோசிப்பதே இல்லையாம். யாரோ முன்னமே எழுதி வைத்த அட்டவணை ஒன்றைத் திறந்து பார்க்குமாம். ராஜா செத்துக் கிடக்கும் நிலைகள் எல்லாவற்றையும் முதலில் அடுக்கி, இதற்கு ஒரு ஆட்டம் முன்னால் காய்கள் எங்கே நின்றிருக்கலாம், அதற்கும் ஒன்று முன்னால் எங்கே என்று முடிவிலிருந்து பின்னுக்கு நடந்து நடந்து எழுதியதாம். படி நான்கானாலும் பத்தானாலும் அட்டவணை ஒன்றுதான். இனி அது பிழை விடாது.

ருக்கியா அதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பின்னுக்கு நடப்பது. நாலு காய்க்குத்தான் அந்தப் புத்தகம், மனுசருக்கு எழுதின கிதாபு அல்லாஹ்விடம் மட்டும்தான் ஈக்கிது என்று மகளிடம் சொன்னாள்.

ஷஹ்மாவுக்கு வேறு கவலை. "உம்மா, வாப்பா இத ஒரு நாளும் வெண்டதில்ல. அது செல்லுற ஆட்டத்தப் போடாதீங்க. உங்கட இஷ்டத்துக்கு எங்கயாவது செக் வைங்க. இல்லாட்டி ஆஸ்பத்திரியில ஈக்கிறவருக்கு விளங்கிடும்."

சரி மகள் என்றாள் ருக்கியா. அப்படியே செய்யத்தான் நினைத்தாள். ராணியைத் தூக்கி, செக் வைக்கும் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கட்டத்தில் வைத்திருந்தால் எல்லாம் முன்பு போலவே போயிருக்கும்: செக், மறுபடி செக், ஐம்பது ஆட்டம், சமன். பாரூக் நான்காவது தடவையும் வெல்லாமல் போயிருப்பார். அவருக்கு இனி ஐந்தாவது தடவை இல்லை. ருக்கியா செயலி சொன்ன இடத்தில் ராணியை வைத்தாள். பலகையின் மூலை. யாருக்கும் செக் இல்லாத, பார்த்தால் பயந்து ஒதுங்கியது போன்ற இடம். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி வைத்தாள். அந்த வேலைக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டாள்.

இலக்கம் இறங்கியது. இருபத்தாறு, இருபத்தைந்து. அழகமுத்து சின்னப் பிழை ஒன்று விட்டால் ஒரேயடியாக மூன்று குறையும். ராணி பின்வாங்கும், ராஜா ஒரு கட்டம் ஒதுங்கும், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நாலு ஆட்டம் போன பிறகு பார்த்தால் எதிர்ப்பக்கத்து ராஜா இன்னும் ஓரத்துக்குப் போயிருக்கும். ருக்கியாவுக்கு விடிகாலைச் சுபஹு தொழுததும் பலகை நினைவு. பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். மஞ்சள் முகத்தை அழாமல் அனுப்பினாள்.

நக்கல் வருவது நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை. அழகமுத்துவிடமிருந்து எழுத்தும் இலக்கமும் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன.

இலக்கம் மூன்றில் நின்ற நாள், பின்னேரம், ஆட்டத்துக்குப் பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது. காது கேளாத நண்பருக்கு இத்தனை வருடத்தில் அவர் குரல் அனுப்பியதே இல்லை. ருக்கியா விரலை வைத்தாள்.

"தங்கச்சி. நீங்கதான் கேப்பீங்கன்னு தெரியும். நேத்து மட்டும் மூணு எடத்துல செக் இருந்திச்சி. நானா இருந்தா வெக்காம இருக்க மாட்டாரு, அந்த மனுசனோட கை நிக்காது. எப்ப மௌத்தானாரு?"

பின்னால் வார்டுச் சத்தம். தட்டு ஒன்று கீழே விழுந்தது. அவர் அழவில்லை. குழாய் எங்கே ஒழுகுகிறது என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டிருந்தார்.

ஒப்பரேசன் இரண்டு நாளில். ருக்கியா வடிவம்மாவிடம் போனில் பேசப் பார்த்தாள். அவள் பஸ்ஸில் இருந்தாளோ என்னவோ, எடுக்கவில்லை. இல்லை அண்ணன், அவர் இருக்கிறார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காயால் இருபத்து மூன்று நாள் சொன்ன பொய்யை நாவால் ஒருமுறை சொல்ல அவளுக்கு ஏலவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அழகமுத்து அண்ணன், அவர் மௌத்தாகி இண்டைக்கு இருபத்தி மூணு நாள். நீங்க மயக்கத்துல ஈக்கக்குள்ள அடக்கினாங்க. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் கேட்டுவிட்டார் என்பதற்குத் திரையில் அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் அழகமுத்து சட்டையைக் கேட்டார். வார்டில் எவ்வளவோ சொன்னார்கள், வடிவம்மா காலில் விழாத குறை. தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறினார். கட்டுகஸ்தோட்டையில் அன்று விடியற்காலையிலிருந்து மழை. மையவாடியைப் பார்த்துக்கொள்பவர் அவரைப் பாரூக்கின் கடையில் முன்பு கண்டிருக்கிறார். குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கபுறுக்குப் பக்கத்தில் சேறு. கட்டுப் போட்ட காலோடு அங்கே மண்ணில் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாராம். இருநூறு கஜம் தள்ளி இருந்த வீட்டின் அறையில் ருக்கியாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வெளியே போயிருக்க ஏலாது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தார். நான்காவது நாள் காய்ச்சலில் நினைவு தப்பித்தான் திரும்பிப் போனார். முழங்காலுக்குக் கீழே என்றிருந்தது மேலே என்றாகிவிட்டது. வெட்டினார்கள். ஆறாம் நாள் காலையில் நெஞ்சு நின்றது.

தகனத்துக்கு ஷஹ்மா போய் வந்தாள். ருக்கியா இத்தாவில் இருந்தாள். மிச்சமிருந்த மூன்று மாதத்துக்கும் மேலான நாட்களில் அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை, பின்னுக்கு நடப்பதைத் தவிர. நெஞ்சு நின்றது, அதற்கு முன்னால் காய்ச்சல், அதற்கு முன்னால் சேறு, அதற்கு முன்னால் அவளுடைய பதில், அதற்கு முன்னால் அவருடைய கேள்வி, அதற்கும் முன்னால், மூலைக் கட்டத்தில் ராணியை வைத்த ஒரு கை. எந்த வழியாக நடந்தாலும் அந்தக் கையில்தான் வந்து நின்றது. எழுதியது அல்லாஹ் என்று மனம் சொல்லும். வைத்தது நீ என்றும் அதே மனம் சொல்லும். ஒவ்வொரு சுஜூதிலும் நெற்றியைத் தரையில் வைத்துப் பாவமன்னிப்புக் கேட்டாள். பலகையைத் தூசி தட்டுவதை மட்டும் விடவில்லை.

நான்கு மாதம் பத்து நாள் முடிந்து, குளித்து, தொழுது, முதன்முதலாக வெளியே இறங்கியபோது மகளைக் கூட்டிக்கொண்டு நேரே மஹய்யாவைக்குத்தான் போனாள். வடிவம்மா மெலிந்திருந்தாள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். வடிவம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"ஒரு செக் வெச்சிருக்கலாமே தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு."

எப்படிப் பிடிபட்டது என்று அழகமுத்து அவளிடம் சொல்லியிருந்தார். அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தடவைதான் சொன்னாள். ருக்கியா தலையை ஆட்டினாள். தேத்தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்து முடித்தாள்.

போக எழும்பும்போது வடிவம்மா உள்ளே போய்க் காந்தப் பலகையை எடுத்துவந்தாள். நான்கு காய்களும் ஒட்டியபடியே இருந்தன. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாளாம். ருக்கியா அதைப் பார்த்தாள். அவள் வீட்டுப் பலகையிலும் அதே நான்கும் அதே இடத்தில்தான் நின்றன. போனில் இன்னும் மூன்று என்று இருந்தது.

"கடேசில யாருதான் கெலிச்சது?" என்று வடிவம்மா கேட்டாள்.

ஷஹ்மா தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆட்டம் இன்னும் முடியல்ல அக்கா" என்றாள் ருக்கியா. பலகையைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடினாள்.